புதிய குப்பி பிஎம்பி-2: செல்கள் ஏன் பதில் சொல்லவில்லை?

3 பிப்ரவரி: கேள்வி

சுண்டெலித் தசை முன்னோடிச் செல்களான சி2சி12க்கு, எலும்பு உருவாவதைத் தூண்டும் மறுசேர்க்கை மனித பிஎம்பி-2 புரதம் கொடுத்து, எலும்பின் வழிக்குத் திரும்பியதன் அடையாளமான ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதியை அளக்கிறேன். பழைய குப்பியில் ஒரு மி.லி.க்கு 100 நானோகிராம் போட்டாலே தட்டின் குழிகளில் அந்த நொதி தரும் மஞ்சள் நிறம் நன்றாக வரும். அது தீர்ந்ததும் வேறு நிறுவனத்தின் குப்பிக்கு மாறினேன். அதே புரதம், அதே அளவு, அதே செல். ஆனால் நிறமே வரவில்லை. தூய்மை 95 விழுக்காட்டுக்கு மேல் என்று சான்றிதழ் சொல்கிறது. புரதம் செத்துவிட்டது என்று நிறுவனத்துக்கு எழுதிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

3 பிப்ரவரி, இரவு: பதில்

இப்போதே எழுதாதீர்கள். மூன்று தகவல் வேண்டும். எந்த உயிரியில் தயாரித்த புரதம்? எதில் கரைத்தீர்கள்? செல்களைச் சிதைத்த கரைசலில், உலோக அயனிகளைப் பிடுங்கும் ஈடிடிஏ உண்டா?

தூய்மை 95 விழுக்காடு என்பதை ஒதுக்கி வையுங்கள். இந்தக் கேள்விக்கு அந்த எண் உதவாது. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

4 பிப்ரவரி, காலை

பழையது சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில், அதாவது எல்லோரும் சிஎச்ஓ என்று சொல்லும் செல்களில் தயாரானது; புதியது ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரானது. கரைத்தது பிபிஎஸ்ஸில் என்று பதில் வந்திருக்கிறது. சிக்கலில் பாதி இதிலேயே இருக்கிறது.

பிஎம்பி-2 காரத்தன்மை உள்ள புரதம். அமிலத்தில் நன்றாகக் கரையும். பிஎச் நடுநிலைக்கு ஏறி, கூடவே உப்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கும். சர்க்கரைச் சங்கிலி இல்லாத ஈ.கோலை வகைக்கு இந்தக் குணம் இன்னும் கூடுதல். பிபிஎஸ் என்பது நடுநிலை, உப்பு, பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த கரைசல். அடர்த்தியான இருப்புக் கரைசலை அதில் தயாரிப்பது இந்தப் புரதத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல்.

குப்பி இன்னும் கையில் இருந்தால் விளக்குக்கு நேரே பிடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நீர் ஓடும்போது சுவரில் மெல்லிய வெண்படலம் ஒன்று பின்தங்கி வருவது தெரியும். சில குப்பிகளில் அதுகூடத் தெரியாது. கரைசல் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். அப்போது கொஞ்சம் எடுத்து மையவிலக்கியில் வேகமாகச் சுற்றி, மேல்நீரையும் அடியில் தங்கியதையும் தனித்தனியாக, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். எங்கள் ஆய்வகத்தில் பிபிஎஸ்ஸில் கரைத்த ஒரு குப்பியை இப்படிப் பார்த்தபோது மேல்நீரில் பட்டை இருந்தும் இல்லாதது போல் இருந்தது. அடியில் தங்கியதில் கருகருவென்று இருந்தது. செல்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த மேல்நீரைத்தான்.

4 பிப்ரவரி, மாலை

கரைக்கும் முறையை விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள்.

மூடியைத் திறப்பதற்கு முன் குப்பியைச் சில நொடிகள் சுற்றி எடுங்கள். உறைய வைத்து உலர்த்திய புரதம் சில மைக்ரோகிராம்தான். மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் கண்ணுக்குப் படாது, திறக்கும்போதே போய்விடும். பிறகு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் 0.1 விழுக்காடு மாட்டு ஆல்புமின். ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் வருகிற மாதிரி விடுங்கள். சுவரை நனைக்கும்படி மெல்லச் சுழற்றி, அறை வெப்பநிலையில் சற்று நேரம் விட்டுவிடுங்கள். வோர்டெக்ஸ் என்ற அதிர்வுக் கலக்கியில் வைத்து நுரை கிளப்ப வேண்டாம். புரதம் ஒட்டாத குழாய்களில் சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும். உருக்கியதை ஆல்புமினோ சீரமோ உள்ள ஊடகத்தில் நேரடியாக விடுங்கள். நடுவில் பிபிஎஸ்ஸில் ஒரு நீர்த்தல் படி வேண்டவே வேண்டாம்.

0.22 மைக்ரான் வடிகட்டியில் இதை வடிகட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குறைந்த அடர்த்தியில் புரதத்தின் பெரும்பங்கு சவ்விலேயே தங்கிவிடும். அமிலக் கரைசலை முன்பே வடிகட்டி வைத்துக்கொண்டு, அதில் புரதத்தைக் கரையுங்கள்.

5 பிப்ரவரி

"அமிலம் செல்களைக் கொன்றுவிடாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மைக்ரோகிராம் இருப்பிலிருந்து 200 நானோகிராம் வேண்டுமென்றால் 500 மடங்கு நீர்க்கிறது. 4 மில்லிமோலார் அமிலம் 8 மைக்ரோமோலாராக இறங்கும். டிஎம்இஎம் ஊடகத்தில் பைகார்பனேட் மட்டும் ஏறத்தாழ 44 மில்லிமோலார். ஊடகத்தின் நிறம்கூட மாறாது. ஆனாலும் புரதம் இல்லாத அமிலத்தையும் ஆல்புமினையும் அதே கன அளவில் விட்ட ஒரு குழி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வரும் எந்தத் தரவையும் நான் ஏற்க மாட்டேன்.

"எலிச் செல்லுக்கு மனிதப் புரதம் போட்டால் இப்படித்தான்" என்று இன்னொருவர். அது தவறு. முதிர்ந்த பிஎம்பி-2இன் அமினோ அமில வரிசை மனிதன், சுண்டெலி, எலி மூன்றிலும் ஒன்றேதான்.

6 பிப்ரவரி

தூய்மைச் சதவீதம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் நீளும்.

பிஎம்பி-2 செல்லுக்குள் 396 அமினோ அமிலம் கொண்ட முன்னோடிப் புரதமாகப் பிறக்கிறது. அதன் வால்பகுதியில் உள்ள 114 அமினோ அமிலங்கள்தான் முதிர்ந்த வடிவம். அதில் ஏழு சிஸ்டீன்கள். ஆறு தங்களுக்குள் மூன்று டைசல்பைடு பிணைப்புகளாக முடிச்சிட்டுக்கொள்கின்றன. ஏழாவது, பக்கத்துச் சங்கிலியின் ஏழாவதோடு சேர்கிறது. இப்படி இரண்டு சங்கிலிகள் சேர்ந்த இருபடிதான் வேலை செய்யும் புரதம். எடை சுமார் 26 கிலோடால்டன். ஒற்றைச் சங்கிலி, ஓர் அலகு மட்டும் உள்ள கத்திரிக்கோல்.

விலங்குச் செல் இந்த மடிப்பைத் தானே செய்து, ஒரு சர்க்கரைச் சங்கிலியையும் சேர்த்து, ஊடகத்தில் வெளியே விடுகிறது. ஈ.கோலை அப்படிச் செய்வதில்லை. புரதத்தைக் கரையாத திரளாக உள்ளுக்குள் குவித்து வைக்கிறது. அந்தத் திரளை யூரியா அல்லது குவானிடின் கொண்டு அவிழ்த்து, பிறகு பொறுமையாக மீண்டும் மடிக்க வைத்து, இருபடியை ஒற்றையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இதைச் சிரத்தையாகச் செய்கிறவர்களின் புரதம் நன்றாகவே இருக்கும். 1999இல் 2.7 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியான பிஎம்பி-2இன் படிக அமைப்பே ஈ.கோலையில் தயாரித்த புரதத்திலிருந்து கிடைத்ததுதான். அவசரமாகச் செய்கிறவர்களின் குப்பியில் ஒற்றைச் சங்கிலியும், தப்பாகப் பின்னிக்கொண்டதும் கலந்திருக்கும்.

இப்போது சான்றிதழைப் பாருங்கள். அந்த 95 விழுக்காடு எந்த ஜெல்லில் பார்த்தது? பெரும்பாலும் டிடிடி அல்லது மெர்காப்டோஎத்தனால் சேர்த்து, டைசல்பைடு பிணைப்பை உடைத்து ஓட்டிய ஜெல். அதில் நன்றாக மடிந்த இருபடியும், பயனற்ற ஒற்றையும், தப்பாக முடிச்சிட்டதும் எல்லாமே 13 கிலோடால்டனில் ஒரே பட்டையாகத்தான் விழும். வேறு புரதம் கலக்கவில்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி. டிடிடி போன்ற ஒடுக்கி சேர்க்காமல் ஒரு தடம் ஓட்டுங்கள். 26 அருகே ஒரே பட்டை இருந்தால் நல்லது. 13இலும் கணிசமாக இருந்தால் அந்தக் குப்பியின் லேபிளில் எழுதியிருக்கும் 10 மைக்ரோகிராமில் உங்களுக்குப் பயன்படுவது எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். அதற்குமேலே ஏணிப்படி போல் பட்டைகள் ஏறினால் திரள்.

அரை நாள் வேலை. புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும் என்று ஆய்வகத்தில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

6 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஈ.கோலை புரதமே வாங்கக் கூடாதா?" என்று தனிச் செய்தி வந்திருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. செல் வளர்ப்புக்கு நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன். இரண்டையும் ஒரே நானோகிராம் அளவில் ஒப்பிடக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஒரு ஆய்வைத் தொடங்கிய வகையிலேயே முடியுங்கள்.

9 பிப்ரவரி

புரதம் செயல்படுகிறதா, செல் கேட்கிறதா, அளக்கும் முறை சரியா? மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் விடை தேடினால் மாதக்கணக்கில் சுற்றுவீர்கள்.

முதல் கேள்விக்குச் சீக்கிரம் விடை சொல்வது, செல்லுக்குள் பிஎம்பியின் செய்தியைக் கடத்தும் ஸ்மேட். பிஎம்பி-2 ஏற்பியில் அமர்ந்ததும் ஸ்மேட் 1, 5 புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் செல்களை எடுத்து, எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் செய்தால் தெரிந்துவிடும். அதே நாளில், ஸ்மேட் தூண்டும் ஐடி1 மரபணுவின் ஆர்.என்.ஏ. உயர்வதையும் பார்த்துவிடலாம். ஆல்கலைன் பாஸ்படேஸுக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் செல்லின் மனநிலை எத்தனையோ விதமாக மாறிவிடும்.

எதிர்க் கட்டுப்பாடாகப் புரதத்தைக் கொதிக்க வைத்துப் போடலாம் என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறீர்கள். இந்தப் புரதத்துக்கு வேண்டாம். அந்த டைசல்பைடு முடிச்சு வெப்பத்தை ஓரளவு தாங்கும். மிச்சம் இருக்கும் செயல்பாடு உங்களைக் குழப்பும். நாகின் என்ற தடுப்புப் புரதம் சேர்த்த குழி, அல்லது ஏற்பியின் கைனேஸைத் தடுக்கும் எல்டிஎன்-193189 சேர்த்த குழி வைத்துக்கொள்ளுங்கள்.

10 பிப்ரவரி

இரண்டாவது கேள்வி, செல். சி2சி12 என்பது சுண்டெலியின் தசை முன்னோடிச் செல். அதற்குப் பிஎம்பி-2 கொடுத்தால் தசையாகும் வழியை விட்டு எலும்பின் வழிக்குத் திரும்பும் என்று காட்டிய 1994ஆம் ஆண்டு ஆய்வில் பயன்பட்ட அளவு மி.லி.க்கு 300 நானோகிராம். 100இலேயே உங்களுக்கு வேலை நடந்தது பழைய லாட்டின் நல்ல தரத்தைக் காட்டுகிறது. அதை எல்லாக் குப்பிக்கும் பொதுவான அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

செல்களை நெருக்கமாக நிரம்ப விட்டு வளர்த்திருந்தால் அந்தக் கூட்டமே மாறிவிடும். நிரம்பிய சி2சி12 தட்டில் நுண்ணோக்கியை வைத்தால் நீண்ட இழைகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒரே இழைக்குள் பல கருக்கள் மணிமணியாகத் தெரியும். அவை தசைக்குழாயாக இணைந்துவிட்ட செல்கள். அந்த நிலைக்குப் போனதைப் பிஎம்பி-2 திருப்பிக்கொண்டு வராது. தட்டு முக்கால் பங்கு நிரம்பும் முன்பே பிரித்து வளர்க்கப்பட்ட, அதிக முறை பிரிக்கப்படாத செல்களில் தொடங்குங்கள். பிஎம்பி-2 வேலை செய்தால் அந்த இழைகள் உருவாகாமல் செல்கள் பலகோண வடிவிலேயே நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாயம் போடும் முன்பே எனக்கு நம்பிக்கை தருவது இந்தக் காட்சிதான்.

10 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மூன்றாவது கேள்வி, அளவீடு. முதல் நாளே ஈடிடிஏ பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்கலைன் பாஸ்படேஸின் மையத்தில் துத்தநாகமும் மக்னீசியமும் இருக்கின்றன. ஈடிடிஏ அவற்றைப் பிடுங்கிவிடும். வெஸ்டர்ன் பிளாட்டுக்குத் தயாரித்த அதே சிதைப்புக் கரைசலில், பாஸ்படேஸ் தடுப்பான் கலவையோடு சேர்த்து, இந்த நொதியையும் அளக்கிறவர்கள் உண்டு. பாஸ்படேஸைத் தடுக்கும் மருந்தை ஊற்றிவிட்டுப் பாஸ்படேஸைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? பிபிஎஸ்ஸில் கழுவி அதை முழுதாக உறிஞ்சி எடுக்காமல் விட்டாலும் மிஞ்சும் பாஸ்பேட் நொதியைத் தடுக்கும். கடைசிக் கழுவலை டிரிஸ் பஃபரில் அல்லது உப்புநீரில் செய்யுங்கள்.

நொதி வெட்டும்போது பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் மஞ்சளாகும் வேகத்தைத் தொடக்கத்திலேயே, 405 நானோமீட்டரில், சில நிமிட இடைவெளியில் படித்துக்கொண்டே வாருங்கள். கோடு நேராக ஏறும் பகுதிதான் கணக்கு. கடைசியில் எல்லாக் குழியும் ஒரே மஞ்சளாகிவிட்ட பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நிறுத்திப் படித்தால் வலுத்ததும் இளைத்ததும் சமமாகத் தெரியும். அளவை மொத்தப் புரதத்துக்கோ டி.என்.ஏ.வுக்கோ வகுத்துச் சொல்லுங்கள்.

15 பிப்ரவரி

கேட்டவரின் முடிவு வந்துவிட்டது. மகிழ்ச்சி. மீதியிருந்த உலர்ந்த குப்பியை அமிலத்தில் கரைத்திருக்கிறார். ஸ்மேட் பட்டை தெளிவாக வந்திருக்கிறது. ஒடுக்காத ஜெல்லில் பெரும்பங்கு 26இல், கொஞ்சம் 13இல். ஆல்கலைன் பாஸ்படேஸ் 100இல் சொற்பம், 300இல் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

புரதம் சாகவில்லை. கரையாமல் கிடந்தது, கரைந்த பிறகும் பழையதைவிட வலு குறைவு. நிறுவனத்துக்கு எழுதுங்கள், ஆனால் பணம் திரும்பக் கேட்க வேண்டாம். ஒடுக்காத ஜெல் படத்தைக் கேளுங்கள். உயிர்ச்செயல் சோதனையை எந்தச் செல்லில், எத்தனை நாளில், எவ்வளவு சீரத்தில் செய்தார்கள் என்று கேளுங்கள். ஏடிடிசி5 என்ற குருத்தெலும்பு முன்னோடிச் செல்லில் கிடைத்த பாதி விளைவுச் செறிவை அப்படியே சி2சி12க்குக் கொண்டுவர முடியாது. என் அனுபவத்தில் நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் தரும். ஒரு நிறுவனம் எனக்கு அனுப்பிய பதிலில் சான்றிதழையே மறுபடி இணைத்திருந்தது. அவர்களிடம் அதன்பின் வாங்குவதில்லை.

16 பிப்ரவரி

பேச்சு திசை மாறுகிறது, மாறட்டும். ஒருவர் சி2சி12இல் அலிசரின் சிவப்புச் சாயம் போட்ட படத்தை இணைத்து, "எலும்பு உருவாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.

இதைக் கடுமையாகவே மறுக்கிறேன். ஊடகத்தில் 10 மில்லிமோலார் பீட்டா கிளிசரோபாஸ்பேட் இருக்கிறது. பிஎம்பி-2 ஆல்கலைன் பாஸ்படேஸை உயர்த்துகிறது. அந்த நொதி கிளிசரோபாஸ்பேட்டை வெட்டிப் பாஸ்பேட்டைக் கொட்டுகிறது. ஊடகத்தில் ஏற்கெனவே இருக்கும் கால்சியத்தோடு அது சேர்ந்து வீழ்படிவாகிறது. அலிசரின் எந்தக் கால்சியத்தையும் சிவப்பாக்கும். கொலாஜன் இழைகளுக்குள் ஒழுங்காக அமர்ந்த கனிமத்துக்கும், செத்த செல்லின் மேல் படிந்த சுண்ணத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஃபான் கோசா சாயம் பாஸ்பேட்டைக் காட்டுவது. அதற்கும் இதே வரம்பு உண்டு. கிளிசரோபாஸ்பேட்டைக் குறைத்துப் பாருங்கள், அகச்சிவப்பு நிறமாலையில் ஹைட்ராக்சிஅபடைட் தெரிகிறதா பாருங்கள், மின்னணு நுண்ணோக்கியில் கனிமம் கொலாஜனோடு இருக்கிறதா பாருங்கள். எலும்புப் புரதங்களான ஆஸ்டியோகால்சின், பிஎஸ்பி இரண்டின் மரபணுக்கள் உயர்கின்றனவா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு எலும்பு என்ற சொல்லை எழுதலாம்.

1965இல் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய எலும்புத் துண்டுகளை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்கு நடுவே, மஜ்ஜையோடு கூடிய உண்மையான எலும்பு முளைத்தது. எலும்பில் ஏதோ ஒரு புரதம் இதைச் செய்கிறது என்ற கருத்து அங்கிருந்துதான் வலுப்பட்டது. அந்தப் புரதத்தை மாட்டெலும்பிலிருந்து பிரித்து, 1988இல் மரபணுக்களைக் கண்டுபிடிக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அன்று பிஎம்பி-1 என்று பெயரிட்டது பிறகு கொலாஜனின் முனையை வெட்டும் நொதி என்று தெரிந்தது. இந்தக் குடும்பத்திலேயே அது சேராது. யூரிஸ்ட் காட்டிய தசை எலும்பு இன்றும் இந்தப் புரதத்துக்கு உரிய முழுமையான தேர்வு. தட்டில் வரும் சிவப்பு அதற்கு வெகு தூரம் இந்தப் பக்கம்.

18 பிப்ரவரி

எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை வளர்க்கிறவர் ஒருவர் கேட்கிறார்: அந்தச் செல்களை உருவாக்கும் ராங்க்-எல் புரதத்துக்கும் இதே முறை பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். ராங்க்-எல் மூன்று சங்கிலிகள் கூடிய வேறொரு குடும்பம்; அமிலக் கரைசல் அதற்குத் தேவையில்லை, குப்பியோடு வரும் தாளில் சொன்ன பஃபரில் கரையுங்கள். அங்கே முதல் கவலை எண்டோடாக்சின். ஈ.கோலையின் மேலுறையிலிருந்து வரும் லிப்போபாலிசாக்கரைடு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ராங்க்-எல் பிடிக்கும் செல் எது? மேக்ரோபேஜ் வம்சம். லிப்போபாலிசாக்கரைடை உடலிலேயே மிகக் கூர்மையாக உணரும் செல்களும் அவைதான். தொடக்கத்திலேயே அது இருந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் ஆவதைத் தடுக்கும். ராங்க்-எல் சில காலம் வேலை செய்த பிறகு வந்தால் கூட்டும். ஒரே அசுத்தம், நேரத்தைப் பொறுத்து இரு திசையிலும் தள்ளும். ஆஸ்டியோகிளாஸ்டின் அடையாள நொதியைக் காட்டும் ட்ராப் சாயத்தில் ஊதாவாகத் தெரியும் பெரிய பல்கருச் செல்களை எண்ணும்போது எந்த விளைவை எண்ணுகிறீர்கள் என்பதே தெரியாமல் போகும்.

பிஎம்பி-2க்கு வேண்டாம் என்ற கொதிக்க வைக்கும் கட்டுப்பாடு இங்கே நன்றாக உதவும். ராங்க்-எல் கொதியில் அழியும்; லிப்போபாலிசாக்கரைடு அழியாது. கொதித்த புரதத்துக்கும் செல்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். லிப்போபாலிசாக்கரைடை முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்த குழியும் வையுங்கள். இன்னொன்று: ராங்க்-எல்லைத் தடுக்கும் மருந்தான டெனோசுமாப் சுண்டெலியின் ராங்க்-எல்லைப் பிடிக்காது. சுண்டெலிச் செல்லில் அதைத் தடுப்பானாகப் பயன்படுத்த வேண்டுமானால் மனித ராங்க்-எல் வாங்குங்கள்.

19 பிப்ரவரி

ஆஸ்டியோகால்சின் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக. 49 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதம். 17, 21, 24 ஆகிய இடங்களில் உள்ள குளூட்டாமிக் அமிலங்களில் வைட்டமின் கே உதவியோடு கூடுதலாக ஒரு கார்பாக்சில் ஏற வேண்டும். அப்போதுதான் அது ஹைட்ராக்சிஅபடைட்டை இறுகப் பிடிக்கும். அந்தக் கார்பாக்சிலை ஏற்றும் நொதி ஈ.கோலைக்குக் கிடையாது. அதில் தயாரித்த ஆஸ்டியோகால்சினைக் கனிமப் பிணைப்புச் சோதனைக்கு வாங்காதீர்கள். கார்பாக்சில் ஏறாத வடிவத்தின் ஹார்மோன் வேலையைப் பார்க்கவோ, எதிர்ப்பொருளைச் சோதிக்கவோ வாங்கலாம்.

இன்னொரு எலும்புப் புரதமான ஆஸ்டியோபான்டினும் அப்படியே. செல் ஒட்டும் ஆர்ஜிடி வரிசை பாக்டீரியாப் புரதத்திலும் வேலை செய்யும். கனிமம் வளர்வதைத் தடுக்கும் வேலைக்குப் பாஸ்பேட்டுகள் வேண்டும். அவை அங்கே இல்லை. அமிலத்தன்மை மிகுந்த புரதம் என்பதால் ஜெல்லில் கணக்கிட்ட எடையைவிட வெகு மேலே ஓடும். அதைப் பார்த்துக் கலப்படம் என்று பதற வேண்டாம்.

20 பிப்ரவரி

ஒருவர், தன் தந்தைக்கு எலும்பு முறிவு சேரவில்லை, ஆய்வகக் குப்பி பிஎம்பி-2 வாங்கி மருத்துவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, வேண்டவே வேண்டாம். 2002இல் அமெரிக்காவில் முதுகெலும்பு இணைப்புக்கு அனுமதி பெற்ற பிஎம்பி-2 மி.லி.க்கு 1.5 மில்லிகிராம் செறிவில் கொலாஜன் பஞ்சில் ஊறி வருகிறது. நாங்கள் தட்டில் போடுவது நானோகிராம். அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அந்த மருந்தையே கழுத்துப் பகுதி முதுகெலும்பில் பயன்படுத்தியபோது தொண்டை வீங்கி மூச்சும் விழுங்குதலும் தடைபட்டதால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. நம் குப்பியில் "ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதன் பொருள், மனித உடலுக்கு வேண்டிய கிருமி நீக்கச் சோதனை, எண்டோடாக்சின் வரம்பு, தயாரிப்புக் கண்காணிப்பு எதுவும் அதற்கு இல்லை என்பதே. மைக்ரோகிராம் புரதம் பயனும் தராது, அசுத்தம் தீங்கு செய்யும். முறிவு சேராததற்குத் தொற்று, அசைவு, ரத்த ஓட்டக் குறைவு, நீரிழிவு, புகை என்று பல காரணம் உண்டு. எலும்பு அறுவை மருத்துவரிடம் அந்தக் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் தந்தை நலம் பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

24 பிப்ரவரி

6ஆம் தேதி இரவு எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே வகையில் ஆய்வை முடியுங்கள் என்றேன். அது எப்போதும் கைகூடாது, லாட் தீர்ந்துவிடும். ஆகவே பழைய லாட் தீரும் முன் சில பங்குகளைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். புதியது வந்ததும் இரண்டையும் ஒரே தட்டில், ஒரே நாளில், 10இலிருந்து 1000 நானோகிராம் வரை ஏறும் வரிசையில் ஓட்டுங்கள். வளைவு எங்கே பாதி ஏறுகிறது, எங்கே தட்டையாகிறது என்று பார்த்து, புதிய லாட்டின் அளவை அதற்கேற்ப வையுங்கள். கட்டுரையில் தயாரித்த உயிரி, லாட், ஆல்புமின் உண்டா இல்லையா, கரைத்த திரவம் நான்கையும் எழுதுங்கள். "பிஎம்பி-2, 100 நானோகிராம்" என்று மட்டும் எழுதிய கட்டுரையை வைத்து வேறொருவர் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. அவருடைய தட்டும் நிறம் மாறாமல் நிற்கும், காரணமும் அவருக்குத் தெரியாது.

25 பிப்ரவரி

நாகின் எவ்வளவு போடுவது என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். நாகினும் இருபடி, சுமார் 46 கிலோடால்டன். ஓர் இருபடி பிஎம்பி-2 இருபடி ஒன்றைக் கவ்வி ஏற்பி அமரும் இடங்களை மூடுகிறது. உங்கள் 300 நானோகிராம் என்பது சுமார் 11.5 நானோமோலார். அதற்குச் சமமான நாகின் சுமார் 530 நானோகிராம். 100 நானோகிராம் நாகின் போட்டுவிட்டுத் தடுக்கவில்லை என்றால் அது எண்ணிக்கையின் தோல்வி. 250இலிருந்து 2000 வரை நான்கு அளவு வையுங்கள், ஸ்மேட்டில் முதலில் பாருங்கள். நாகினைக் கரைப்பதற்கு முன் அதன் தாளைத் தனியாகப் படியுங்கள். அமிலம் பிஎம்பி-2க்குச் சொன்னது. பிஎம்பி-2ஐயும் நாகினையும் ஊடகத்தில் முன்கூட்டியே அரை மணி சேர்த்து வைத்துவிட்டுச் செல்களில் விடுங்கள்.